வேண்டா எண்ணமும் வேண்டும் தொண்டும்

முன்னுரை

மனத்தைக் குரங்கு என்றனர் நம் முன்னோர். கிளைவிட்டுக் கிளை தாவும் அதன் இயல்பைக் கண்டு வைத்த பெயர் அது. விலங்குகளை வசப்படுத்துவதைக் காட்டிலும் மனத்தை அடக்குவது அரிது என்னும் கருத்தைத் தாயுமானவர் பாடியுள்ளார். எனினும், மனம் தாவுவது வேறு. நாம் வெறுக்கும் கிளைக்கே அது மீண்டும் மீண்டும் தாவுவது வேறு. முன்னது எல்லார்க்கும் உள்ள இயல்பு. பின்னது பலருடைய உறக்கத்தையும் படிப்பையும் இறைவழிபாட்டையும் கெடுப்பது. இத்தகைய வேண்டா எண்ணங்கள் ஏன் எழுகின்றன, அவற்றை எதிர்கொள்வது எங்ஙனம், பிறர்க்கு உதவும் பணிக்கும் அவற்றிற்கும் உள்ள தொடர்பு யாது ஆகியவற்றை இலக்கியத்தின் துணைகொண்டும் உளவியலின் துணைகொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேண்டா எண்ணம் என்பது யாது?

நாளைய தேர்வை எண்ணிக் கவலைப்படுவதும், வாங்கிய கடனை எண்ணி வருந்துவதும் ஈண்டு பேசப்படும் பொருளல்ல. தன் இயல்புக்கும் விருப்பத்திற்கும் நேர்மாறாகத் திடீரென உள்ளத்தில் குறுக்கிடும் எண்ணமே வேண்டா எண்ணம். காய்கறி நறுக்கும் தாய்க்கு அருகில் விளையாடும் குழந்தையைக் கண்டதும், இக்கத்தி அதன்மேல் பட்டுவிட்டால் என்ற நினைவு மின்னலென வந்து போகிறது. தொழுகையில் நிற்பவர் உள்ளத்தில் சொல்லத்தகாத சொல் ஒன்று புகுகிறது. பூட்டிய கதவை மும்முறை இழுத்துப் பார்த்த பின்னும், பூட்டினோமா என்ற ஐயம் தெருமுனைவரை கூடவே வருகிறது.

இவ்வாறு எண்ணுபவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. 'இப்படி நினைப்பவன் நான் ஒருவனே. என் உள்ளமே கெட்டது' என்று முடிவு கட்டிக்கொள்கின்றனர். அம்முடிவு உண்மைக்குப் புறம்பானது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1978ஆம் ஆண்டில் இலண்டனில் ராக்மன் என்பாரும், இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்பாரும் நோயற்ற 124 பேரிடம் வினவியபோது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் தமக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதாகக் கூறினர். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்றனர். முந்திய மூன்று மாதங்களுக்குள் ஒரு வேண்டா எண்ணமேனும் எழுந்தது என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவருக்கு மேல். நோயுற்றோர் எண்ணத்திற்கும் நோயற்றோர் எண்ணத்திற்கும் பொருளளவில் வேறுபாடு மிகுதியில்லை. அவ்வெண்ணத்திற்கு அவர் தரும் மதிப்பிலேயே வேறுபாடு உள்ளது. ஒருவர் 'இஃதென்ன பைத்தியக்கார நினைவு' என்று கடந்து செல்கிறார். மற்றவர் 'இது என் உள்ளக்கிடக்கை' என்று அஞ்சி நின்றுவிடுகிறார்.

மருந்தும் குரங்கும்

குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று மருத்துவர் சொல்ல, மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நோயாளிக்குக் குரங்கே நினைவுக்கு வந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நகைச்சுவைக் கதையாக நாம் கேட்ட இதனை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சோதனைச் சாலையில் மெய்ப்பித்தார். குரங்குக்கு மாற்றாக அவர் வைத்தது வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருங்கள். நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் கூறினார். மணி ஒலித்தது, மீண்டும் மீண்டும் ஒலித்தது. இதனினும் வியப்பானது அடுத்து நிகழ்ந்தது. இனிக் கரடியை நினைக்கலாம் என்றபோது, முதலில் அடக்க முயன்றவர்கள், தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் மிகுதியாகக் கரடியை நினைத்தனர்.

இதன் காரணம் எளிது. ஒன்றை நினையாதிருக்க வேண்டுமாயின், அது வருகிறதா என்று மனத்தின் ஒரு பகுதி காவல் காக்க வேண்டும். காவல் காப்பதற்கு அதனையே நினைவில் வைத்திருக்க வேண்டும். திருடன் வருவானோ என்று விழித்திருப்பவன் இரவு முழுதும் திருடனையே எண்ணிக் கழிப்பது போன்றது இது. ஆகவே, 'அதை நினைக்காதே' என்று நண்பனுக்கு நாம் கூறும் அறிவுரை, அன்பால் கூறப்படினும், நோய்க்கு எருவிடும் அறிவுரையே ஆகும்.

மரபில் கண்ட தெளிவு

இவ்வுண்மையை முன்னையோரும் உணர்ந்திருந்தனர். இஸ்லாமிய மரபில் இத்தகைய எண்ணம் 'வஸ்வாஸ்' எனப்படும். திருக்குர்ஆனின் 114ஆவது அத்தியாயம் உள்ளத்தில் ஊசலாட்டம் உண்டாக்குவனவற்றின் தீங்கிலிருந்து இறைவனிடம் காவல் தேடக் கற்பிக்கிறது. வாயால் சொல்லவும் கூசும் எண்ணங்கள் தம் உள்ளத்தில் எழுவதாக நபித்தோழர் சிலர் வந்து முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவ்வெண்ணத்தை அவர்கள் வெறுத்து அஞ்சுவதே தெளிவான நம்பிக்கையின் அடையாளம் எனும் பொருள்பட விடையளித்ததாக முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. உள்ளத்தில் தோன்றுவது செயலாகவோ சொல்லாகவோ வெளிப்படாத வரை குற்றமாகக் கொள்ளப்படாது என்ற கருத்தும் நபிமொழிகளில் உண்டு. 'எண்ணம் வேறு, எண்ணுபவன் வேறு' என்ற தெளிவு இதில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உளூச் செய்தது உறுதி. முறிந்ததா என்பது ஐயம் எனில், உளூ நிலைத்திருப்பதாகவே கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் நீர்த்தொட்டிக்கு ஓடும் இளைஞனுக்கு இவ்விதி ஒரு சட்டம் மட்டுமன்று, மருந்துமாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இன்றைய ஆப்கானிஸ்தானத்துப் பல்க் பகுதியில் பிறந்து 934இல் மறைந்தவர் அபூ ஸைத் அல் பல்கீ. 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அவருடைய நூல் உடல்நலத்தை ஒரு பகுதியிலும் உளநலத்தை மறு பகுதியிலும் பேசுகிறது. உளநலப் பகுதியின் எட்டாம் இயல் முழுவதும் உள்ளத்தை அலைக்கழிக்கும் இத்தகைய எண்ணங்களைப் பற்றியதே. தனிமையையும் வேலையின்மையையும் தவிர்க்குமாறும், அறிவுடையோர் நட்பை நாடுமாறும் அவர் அறிவுறுத்துகிறார். இப்பகுதியைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். இன்றைய மருத்துவம் வகைப்படுத்தும் நோயின் கூறுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்துணைத் தெளிவாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அறிஞர் வியந்துள்ளனர்.

எண்ணம் நோயாகும் நிலை

எல்லார்க்கும் வரும் எண்ணம் சிலர்க்கு நோயாக முதிர்கிறது. எண்ணம் அச்சத்தைத் தருகிறது. அச்சத்தைத் தணிக்க ஒரு செயல் செய்யப்படுகிறது: கை கழுவுதல், எண்ணிப் பார்த்தல், சரிபார்த்தல், மன்னிப்பு வேண்டிக்கொண்டே இருத்தல், 'நான் நல்லவன்தானே?' என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே இருத்தல். செயலால் அச்சம் சற்றே தணிகிறது. அத்தணிவே அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டுகிறது. சொறியச் சொறியச் சுகம், பின்னர்ப் புண். இதனை எண்ண சுழற்சி நோய் என்று தமிழில் வழங்குவர். நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் என்றேனும் இந்நோய்க்கு ஆட்படுகின்றனர்.

1966ஆம் ஆண்டில் இலண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் இந்நோய்க்குப் புதிய வழி ஒன்றைக் கையாண்டார். அச்சம் தரும் பொருளை நோயாளி தொட வேண்டும். ஆனால் கை கழுவுதல் கூடாது. முதலில் அச்சம் ஏறும். ஏறிய அச்சம் தானே இறங்கும். கழுவாமலே இறங்கியதைக் கண்ட மனம் புதிய பாடம் கற்கும். இன்றும் இம்முறையே, பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில், படிப்படியாகக் கையாளப்படுகிறது. தேவைப்படுவோர்க்குப் பயனளிக்கும் மருந்துகளும் உள்ளன. ஆகவே, ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இவ்வெண்ணங்களும் செயல்களும் விழுங்குமாயின், மருத்துவரை நாடுதல் கடமை. வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தொடர்ந்து வருமாயின், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நாணத்தால் நோயை மறைப்பதும், அறியாமையால் நோயாளியை ஒதுக்குவதும் எங்கே கொண்டுவிடும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. மனநோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது. இறைவனிடம் வேண்டுதலும் மருத்துவரிடம் செல்லுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவ்விரண்டையும் பகையாக்கியதன் விலையை ஏர்வாடி செலுத்தியது.

மணிமேகலை காட்டும் நெறி

இனி, பணிக்கு வருவோம். வேண்டா எண்ணத்தோடு போராடிய ஒருத்தியை அறப்பணியின் உச்சியில் நிறுத்திய காப்பியம் தமிழில் உண்டு. அது மணிமேகலை.

மலர்வனத்திற்குச் சென்ற மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் பின்தொடர்கிறான். அவளை இழித்துப் பேசுகிறான். அவன் சென்ற பின், தன்னை இகழ்ந்தவன் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதைத் தோழி சுதமதியிடம் அவள் மறைக்காமல் கூறுகிறாள். அவள் விரும்பாத எண்ணம் அது. அவளுடைய துறவுக்கு மாறானது. இஃது இளமையின் இயல்பான வேட்கையேயன்றி நாம் மேலே கண்ட நோயன்று. ஆயினும், அவள் அதனை எதிர்கொண்ட முறை நமக்குப் பாடமாகிறது. மறைத்து வைத்து உள்ளே புழுங்காமல், நம்பத்தக்க ஒருத்தியிடம் சொல்லிவிடுகிறாள். இது முதற்படி.

பின்னர் அவள் மணிபல்லவத் தீவில் அமுதசுரபியைப் பெறுகிறாள். ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசியால் வாடிய காயசண்டிகையின் துயர் தீர்க்கிறாள். உலக அறவியில் கூடிய ஊனமுற்றோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் உணவளிக்கிறாள். சிறைக்கோட்டத்துள் புகுந்து கைதிகளின் பசியாற்றி, மன்னனிடம் வேண்டி அதனை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். இது இரண்டாம் படி.

ஆயின், அவளுடைய எண்ணம் அழிந்துவிட்டதா? இல்லை என்பதே சாத்தனார் காட்டும் உண்மை. உதயகுமரன் காஞ்சனன் வாளால் வெட்டுண்டு வீழ்ந்தபோது, முற்பிறப்பில் தன் கணவனாக இருந்தவன் என்று அறிந்த மணிமேகலை அவன் உடலை நாடிச் செல்ல முற்படுகிறாள். கந்திற்பாவை அவளைத் தடுக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு முற்றும் தூய்மையான பின்னரே பிறர்க்கு உதவுவேன் என்று அவள் காத்திருக்கவில்லை. கலங்கிய நெஞ்சோடே பாத்திரத்தைக் கையில் ஏந்தினாள். அவள் நெஞ்சு தெளிவதற்குள் எத்தனை பேர் உண்டு எழுந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய இடம் இதுவே. மனம் சரியான பின் வாழத் தொடங்கலாம் என்று எண்ணுவோர், அலை ஓய்ந்த பின் நீராடலாம் என்று கரையில் நிற்போர் ஆவர்.

ஹராரே நகரத்துத் திண்ணை

காப்பியத்தில் கண்டதை நம் காலத்திலும் காணலாம். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மீறி எண்ணுதல் என்பது அதன் பொருள். மனத்துயரைக் குறிக்க அம்மக்கள் அச்சொல்லை வழங்குகின்றனர். அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளியான இளம்பெண் ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் வராமலே தற்கொலை செய்துகொண்டாள். நோயாளி மருத்துவரைத் தேடி வர இயலாதெனில், மருத்துவம் அவர் வாழும் தெருவுக்குச் செல்ல வேண்டும் என்று அவர் துணிந்தார்.

பணமில்லை, பயிற்சி பெற்ற பணியாளர் இல்லை. 2006இல் ஹராரே நகரின் உம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார் மட்டுமே. கேட்டல், சிக்கல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல், அதற்குத் தீர்வு காண நோயாளிக்கே துணைநிற்றல் என்ற எளிய முறையை அவர்களுக்குக் கற்பித்தார். மருத்துவ நிலையத்து மரத்தடியில் ஒரு மரப்பலகை இருக்கை போடப்பட்டது. மனநல இருக்கை என்று முதலில் பெயரிட்டபோது மக்கள் அணுகத் தயங்கினர். பாட்டிமார் சொற்படி நட்பு இருக்கை என்று பெயர் மாற்றிய பின் வந்தனர். நம் ஊர்த் திண்ணையை நினைவூட்டும் அவ்விருக்கையின் பயனை 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் ஆய்ந்து 2016இல் முடிவு வெளியிட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் நீடித்தன. பாட்டிமாரிடமும் அவர்போன்ற பணியாளரிடமும் பேசியவர்களுள் நூற்றுக்குப் பதினால்வரிடமே அவை எஞ்சின.

அப்பாட்டிமாரும் துயர் அறியாதவர் அல்லர். வறுமையும் பிரிவும் கண்டவர்கள். கொள்ளைநோய்க்கு உறவினரைப் பறிகொடுத்தவர்கள். பிறர் துயரைக் கேட்கும் பணி தமக்கும் வாழ்வின் பொருளைத் தந்ததாக அவர்கள் கூறியுள்ளனர். உதவுபவரும் உதவியால் நலம் பெறுகிறார் என்னும் கோட்பாட்டை அமெரிக்க அறிஞர் பிராங்க் ரீஸ்மன் 1965ஆம் ஆண்டிலேயே எழுதினார். திருக்குறள் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த நாட்டினர்க்கு இது புதுமையன்று.

நம் மாநிலத்திலும் முன்மாதிரிகள் உள. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் ஓய்வுக்குப் பின் ஓய்ந்திருக்கவில்லை. 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்து, 2021இல் மறையும்வரை மனநோயாளிகளின் மறுவாழ்வில் ஈடுபாடு குன்றாதிருந்தார். 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தோற்றுவித்த 'சிநேகா' அமைப்பில், பயிற்சி பெற்ற தொண்டர்கள் உயிர்விட எண்ணுவோரின் குரலுக்குச் செவி கொடுக்கின்றனர். அவர்கள் கொடுப்பது பொருளன்று, நேரமும் செவியுமே.

தொண்டு செய்வோர்க்குச் சில எச்சரிக்கைகள்

பணி மருந்தாகும் என்பதால் எவ்வகைப் பணியும் மருந்தாகிவிடாது. ஈண்டு மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, எண்ணத்தை விரட்டுவதற்காகவே தொண்டில் இறங்குதல் கூடாது. 'இன்று பத்துப் பேருக்கு உதவினேன். இனி அந்நினைவு வராது' என்று கணக்கிட்டால், தொண்டே மற்றொரு கைகழுவலாகிவிடும். கழுவாய் தேடும் மனம் எதிரே நிற்பவனைக் காணாது, தன்னையே காணும். பசித்தவன் உண்ண வேண்டும் என்பதற்காக உணவளிப்பதே தொண்டு. அவன் முகத்தைப் பார்க்கும்போது நம் எண்ணம் பின்னணியில் முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும். பரிமாறும் கை நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆறுதல் கூறுவதிலும் அளவு உண்டு. எண்ண சுழற்சி நோயுற்றவர் 'கதவு பூட்டியிருக்கிறதா? என் தொழுகை கூடிற்றா?' என்று இருபது முறை கேட்டால், இருபது முறையும் 'ஆம்' என்பது இரக்கமாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு 'ஆம்' என்பதும் இருபத்தோராம் வினாவுக்கு விதையாகும். 'இதற்கு நேற்றே விடை சொன்னேன். உன் அச்சம் எனக்குப் புரிகிறது. வா, சேர்ந்து நடப்போம்' என்று கனிவோடு மறுப்பதே உதவி. பெற்றோர்களும் விடுதிக் காப்பாளர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது, தமக்கேற்ற பணியைத் தேர்தல். எல்லாரும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. கணக்கில் வல்லவர் தெருப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். குரல்வளம் உடையவர் பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூலைப் படித்துக் காட்டலாம், தேர்வெழுத உதவலாம். குருதி வழங்கலாம், முதியோர் மருத்துவமனைக்குச் செல்கையில் உடன் செல்லலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம், ஆனால் தவறாமல் என்பது, ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம், பின்னர் ஓராண்டு ஓய்வு என்பதினும் மேலானது. ஊதியம் பெறும் தொழிலிலேயே இதற்கு வழியுண்டு. தாம் கற்பிக்கும் வகுப்பில் கடைசி வரிசை மாணவனின் பெயரை அறிந்து அழைக்கும் ஆசிரியர் தொண்டரே ஆவார்.

முடிவுரை

எண்ணம் எழுவது நம் கையில் இல்லை. அதனைத் தொடர்ந்து செய்யும் செயல் நம் கையில் உள்ளது. வேண்டா எண்ணம் வந்தால் வாதிட வேண்டா, விரட்டவும் வேண்டா. தெருவில் குரைக்கும் நாயைக் கடந்து செல்வதுபோல் நம் வழியில் நடப்போம். சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்வோம். தேவையெனில் மருத்துவரை நாடுவோம். அதே வேளையில், நம்மிடம் சொல்ல வரும் ஒருவருக்கு அமர இடம் கொடுப்போம்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் சிலரேனும், யாரிடமும் சொல்லாத எண்ணத்தை உள்ளே சுமந்துகொண்டிருத்தல் கூடும். மேலே கண்ட கணக்குப்படி பார்த்தால், அவர்கள் அருகில் அமர்ந்திருப்போருக்கும் அத்தகைய எண்ணம் ஒன்று இருக்கவே செய்யும். ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் தெம்பு பெறுவர். ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு விடுதியிலும், கேட்பதற்கென்றே ஒரு திண்ணை அமையட்டும். அத்திண்ணையில் முதலில் அமர்வோர் ஆசிரியராகவும் பெரியோராகவும் இருந்தால், மாணவர் தாமே வந்து அருகில் அமர்வர்.